கொப்பி வெறுமையாக் கிடக்குது: மொன்டிசோரியில பிள்ளை படிக்குதா, விளையாடுதா?

உப்புவெளி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு நாலரை வயசு. அடுத்த வருசம் முதலாம் வகுப்பு. திருகோணமலை ரவுணில இருக்கிற ஒரு மொன்டிசோரி முன்பள்ளிக்கு 8 மாசமாப் போறா. இண்டைக்கு வரைக்கும் கொப்பியில ஒரு எழுத்து இல்லை. "என்னம்மா செய்தனீங்கள்?" எண்டு கேட்டால் ஒரு நாள் "சாடியில இருந்து தண்ணி ஊத்தினனான்", மற்ற நாள் "பயறையும் கடலையையும் பிரிச்சனான்", நேற்று "பாய் சுருட்டினனான்".

பக்கத்து வீட்டுப் பொடியனுக்கும் இதே வயசு. அவன் போறது வேற முன்பள்ளி. அ முதல் ஃ வரை, ஏ முதல் இசட் வரை, 100 வரைக்கும் இலக்கம், எல்லாம் எழுதுறான். முதல் கொப்பி முடிஞ்சு ரெண்டாவது கொப்பி. மாமி மதிலுக்கு மேலால அந்தக் கொப்பியை வாங்கிப் பாத்திட்டு வந்து, "மாசாமாசம் காசு கட்டி வீட்டு வேலையோ பழக்கிறியள்?" எண்டு கேட்டா. எனக்குப் பதில் வரேல்லை. அடுத்த தவணைக்கு மாத்திறதோ, விடுறதோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பழைய வாத்தியார்:
மகள், தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள். நான் 31 வருடம் ஆசிரியராக இருந்தவன். அதில் 12 வருடம் முதலாம் வகுப்பு. ஒரு வகுப்பில் 38 பிள்ளைகள் வரை இருந்திருக்கிறார்கள். முதல் மாதத்திலேயே அவர்கள் இரண்டு கரையாகப் பிரிந்துவிடுவார்கள்: பென்சில் பிடிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். ஒரு சிறுமி மூன்று மாதம் இடது கையால் கொப்பியை மூடிக்கொண்டே எழுதினாள். பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடும் என்ற வெட்கம். அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு அது வேண்டாம்.

விஜயதசமிக்கு மூன்று வயதிலேயே பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுதி ஏடு துவக்குகிறோம். துவக்கிவிட்டு இரண்டு வருடம் பயறு பிரிக்க விடுவதா?

மணல் எழுத்து:
ஐயா, நான் 14 வருசமா மொன்டிசோரி ரீச்சர். நீங்கள் சொன்ன அந்த அரிசித் தட்டிலயே துவங்கிறன். ஏடு துவக்கேக்க பிள்ளையின்ர கையில பென்சில் இல்லை, விரல்தான் இருக்கு. எங்கட பெரியாக்கள் மணலில விரலால எழுதிப் படிச்சவை. நாங்கள் செய்யிறதும் அதுதான்.

அம்மா, மகள் தண்ணி ஊத்தேக்க ஒருக்கால் கிட்ட நிண்டு பாருங்கோ. ஒரு கை சாடியின்ர காதில, மற்றக் கை அதின்ர மூக்குக்குக் கீழ. மணிக்கட்டு மெல்லத் திரும்ப வேணும், அளவுக்கோட்டில நிக்க வேணும், சிந்தினால் தானே ஸ்பொஞ்ச் எடுத்துத் துடைக்க வேணும். பயறு பிரிக்கிறது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். பென்சில் பிடிக்கிறதும் அந்த மூண்டும்தான். உருளைக் கட்டை எண்டு ஒரு சாமான் இருக்கு. ஒரு கட்டையில 10 குழி, 10 உருளை; அப்பிடி நாலு கட்டை. ஒவ்வொரு உருளையின்ர தலையிலயும் சின்னக் குமிழ். அதை மூண்டு விரலாலதான் தூக்க ஏலும். பிழையான குழியில ஒண்டைப் போட்டால் கடைசியில இன்னொண்டு இடமில்லாமல் நிக்கும். "பிழை" எண்டு நான் வாய் திறக்கத் தேவையில்லை. பிள்ளை அதைப் பாத்துக்கொண்டே இருக்கும், பிறகு எல்லாத்தையும் கழட்டித் திரும்ப வைக்கும். ஒரு பிள்ளை இதையே ஒரே காலையில 17 தரம் செய்ததை எண்ணியிருக்கிறன்.

கை பழகினாப் பிறகு சாண்ட் பேப்பரில வெட்டிப் பலகையில ஒட்டின எழுத்து. ரெண்டு விரலால, எழுதுற திசையிலயே தடவி, வாயால ஒலியைச் சொல்ல வேணும். ஒரு நேரத்தில ரெண்டு மூண்டு எழுத்துக்கு மேல இல்லை. முதல் "இது ட, இது ம" எண்டு நான் சொல்லுவன். பிறகு "ம எங்க, காட்டுங்கோ" எண்டு கேப்பன். அது வந்தால்தான் "இது என்ன?" அதுக்குப் பதில் வரேல்லையெண்டால் அவசரப்பட்டது நான், சாமானை எடுத்து வைச்சிட்டு இன்னொரு நாள் துவங்கிறது. தமிழில ஒரு வசதி, எழுத்தின்ர பேரும் ஒலியும் ஒண்டு. 247 எழுத்தும் வெட்டத் தேவையில்லை. உயிர் 12, க, ங, ச மாதிரி அகரமேறின 18, அதுக்கு மேல எழுத்தோட சேர்ற அரவு, விசிறி, கொம்பு மாதிரிக் குறிகள். நாங்கள் அ வில துவங்கிறேல்லை, அது சுழிச்சு வளைச்சு எழுத வேண்டிய கஷ்டமான எழுத்து. ட, ப மாதிரி நேர்கோட்டு எழுத்துத்தான் முதல்.

ஆகவே அம்மா, கொப்பி வெறுமையா இருக்கிறது எனக்குப் பெரிசில்லை. ஆனா 8 மாசத்தில சாண்ட் பேப்பர் எழுத்து மகளின்ர விரலில பட்டிருக்க வேணும். பட்டதோ எண்டு கேளுங்கோ.

பாலையூற்று அப்பா:
ரீச்சர் நல்லாச் சொன்னா. மற்றப் பக்கத்தை நான் சொல்லுறன். என்ர மகனும் ஒரு மொன்டிசோரிக்குப் போனவன். அங்க பிங்க் நிறத்தில 10 கட்டை இருக்கு, ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிற கோபுரம். அவன் அதை நெடுக்குக்கு வைச்சு ரொக்கட் ஆக்கினான். ஆக்கேக்கயே ரீச்சர் வந்து, "இதுக்கு இப்பிடி வேலை இல்லை" எண்டு எடுத்து வைச்சிட்டாவாம். பொடியன் வீட்ட வந்து என்னட்டக் கேக்கிறான், "அப்பா, ரொக்கட் பிழையோ?" எண்டு. என்ன சொல்லுறது? பொம்மை இல்லை, சமையல் விளையாட்டு இல்லை, ராசா ராணி இல்லை. ஒவ்வொரு சாமானிலயும் ஒண்டே ஒண்டுதான், மற்றப் பிள்ளை முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டிருக்க வேணும். நான் நிப்பாட்டிப்போட்டன். எழுத்து வரும், அது எப்பவும் வரும். கட்டையை ரொக்கட்டாப் பாக்கிற கண் ஆறு வயசுக்குப் பிறகு வருமோ?

பழைய வாத்தியார்:
தம்பி சொல்வதைக் கேளுங்கள். விளையாட்டுக்கு விளையாட்டும் இல்லை, படிப்புக்குப் படிப்பும் இல்லை. இத்தாலியில் வசதியான பிள்ளைகளுக்கு வகுத்த முறையை இங்கே வாடகைக் கட்டடத்தில் நடத்தினால் இப்படித்தான்.

மணல் எழுத்து:
ஐயா, அது மட்டும் பிழை. இந்த முறையை உண்டாக்கின மரியா மொன்டிசோரி 1907 தை 6 இல ரோமில "பிள்ளைகள் வீடு" எண்டு துவங்கின முதல் பள்ளி சான் லொறென்சோ எண்ட ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில. தாய் தகப்பன் வேலைக்குப் போக, படிக்கட்டில அலைஞ்சு திரிஞ்ச பிள்ளைகளுக்கு. எங்களுக்கு அவ தூரத்து ஆளும் இல்லை. 1939 இல சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினவ. யுத்தத்தால வருசக்கணக்கா இந்தியாவில நிண்டவ. 1944 இல இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் படிப்பிச்சவ.

ரொக்கட் விசயத்தில அப்பாவுக்கு முழுசா மறுப்புச் சொல்ல என்னால ஏலாது. அந்தக் கட்டைகள் 1 சென்றிமீற்றரில இருந்து 10 சென்றிமீற்றர் வரை ஒவ்வொரு சென்றிமீற்றராக் கூடிக்கொண்டு போகும். ஆகப் பெரிய கட்டைக்குள்ள ஆகச் சின்னது 1000 அடங்கும். பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். பெரிசைத் தூக்க ரெண்டு கை, சின்னதுக்கு ரெண்டு விரல். அதுக்காகத்தான் அடுக்கிக் காட்டிறம். ஆறு வயசுக்குக் கீழ மெய்யான உலகத்தை முதல் குடுக்க வேணும், கற்பனைக் கதை பிறகு எண்டதுதான் மொன்டிசோரியின்ர எண்ணமும். இந்த இடத்தில நான் அவவோட முழுசா ஒத்துப்போறேல்லை. உங்கட மகன் கட்டையை எறியேல்லை, உடைக்கேல்லை. அவன் முடிக்கும்வரை விட்டிட்டு, "ரொக்கட்டுக்கு வேற மரக்கட்டை தாறன், வாங்கோ" எண்டு கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். இடையில பறிச்சது அந்த முறைக்கே விரோதம். தன்ர வேலையில மூழ்கியிருக்கிற பிள்ளையைக் குழப்பாத எண்டுதான் எங்களுக்கு முதல் பாடம்.

எங்கட பிள்ளைகள் 11 மணிக்கு முத்தத்து மணலுக்கு இறங்கினால் துறைமுகம் கட்டுவினம், கப்பல் விடுவினம், ஒராள் கோட்டைக்குள்ள மேயிற மானா நாலு காலில நடப்பார். நான் மறிக்கிறேல்லை. போன வருசம் தாய்மாரோட கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனம். ஏழு கிணறு, ஒவ்வொண்டிலயும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். வாளியில அள்ளின தண்ணியில கை வைச்சு "இது கூடச் சூடு, இது குறையச் சூடு" எண்டு பிள்ளைகள் தாங்களே ஒழுங்குபடுத்திச்சினம். சூடு குளிர் பிரிச்சறியிறதுக்கு மொன்டிசோரியில தனியாப் போத்தல்கள் இருக்கு. எங்களுக்கு ஊரே தருது.

கிண்ணியா வாப்பா:
ரெண்டு பக்கமும் ஒரு விசயத்தை விட்டிட்டீங்க. "மொன்டிசோரி" எண்ட பேர் யாருக்கும் சொந்தமில்ல. யாரும் போட் அடிச்சு மாட்டலாம். நம்மட நாட்டுல எல்லா நேர்சரிக்கும் அந்தப் பேர்தான். நான் புள்ளையச் சேர்க்கிறதுக்கு நாலு இடம் போய்ப் பார்த்தன். ஒரு இடத்தில பிளாஸ்டிக் கதிரை, கரும்பலகை, 35 புள்ளைகள் ஒண்டாச் சத்தம் போட்டு ஏ பி சி. இன்னொண்டில சாமான் எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள்ள, பூட்டு. பெற்றார் வந்தா மட்டும் திறக்கிறது.

ஆய்வு இருக்கு, இல்ல எண்டு சொல்லல்ல. 2006ல லிலார்ட், எல்ஸ்-குவெஸ்ட் எண்ட ரெண்டு பேர் சயன்ஸ் சஞ்சிகையில எழுதினாங்க. அமெரிக்காவில மில்வாக்கி நகரத்தில குலுக்கல்ல மொன்டிசோரி கிடைச்ச புள்ளைகளையும், கிடைக்காமப் போன புள்ளைகளையும் ஒப்பிட்டது. 5 வயசில எழுத்து, சொல் அறியிறதிலயும் கணக்கிலயும் மொன்டிசோரிப் புள்ளைகள் முன்னுக்கு. ஆனா அதே லிலார்ட் 2012ல இன்னொண்டு எழுதினார்: அசல் முறையில நடக்கிற வகுப்புப் புள்ளைகள் கூட முன்னேறினாங்க, அதோட வேற வேற சாமான் கலந்து நடத்தின வகுப்பில அந்தளவு இல்ல. போட்டைப் பார்த்து முடிவெடுக்க ஏலாது எண்டதுக்கு இத விட என்ன வேணும்? தங்கச்சி, ஒரு காலை முழுக்க அங்க போய் இருங்க. விடமாட்டம் எண்டா அதுவே ஒரு பதில்.

பழைய வாத்தியார்:
1907 பற்றி ரீச்சர் சொன்னது எனக்குப் புதிது. ஏற்கிறேன். ஆனால் முதலாம் வகுப்பின் கதவு 1907 இல் இல்லை, அடுத்த வருடம் இருக்கிறது.

மணல் எழுத்து:
ஐயா, முதலாம் வகுப்புப் பாடத்திட்டமே விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை எண்டு மூண்டையும் சேர்த்துத்தானே சொல்லுது?

பழைய வாத்தியார்:
சொல்கிறது. நானும் அப்படித்தான் துவங்குவேன். இரண்டாம் வாரம் பெற்றார் வாசலில் வந்து நின்று, "கொப்பியில் ஏன் ஒன்றுமில்லை?" என்று கேட்பார்கள்.

உப்புவெளி அம்மா:
போயிட்டு வந்திட்டன். கேட்டவுடன விட்டவை. மூலையில ஒரு சின்னக் கதிரையில எட்டே முக்காலில இருந்து 12 மணி வரை இருந்தன்.

26 பிள்ளைகள், ரெண்டு ரீச்சர்மார். நான் நினைச்ச சத்தம் இல்லை. மூண்டு வயசுப் பொடியன் ஒருத்தனுக்கு சட்டைப் பொத்தான் போட வரேல்லை; ரீச்சர் போகேல்லை, அஞ்சு வயசுப் பிள்ளை ஒண்டு போய்க் காட்டிக் குடுத்துது. என்ர மகள் பாய் விரிச்சு அந்தப் பிங்க் கோபுரத்தை அடுக்கினா. ஆகச் சின்னக் கட்டையைக் காணேல்லை. நான் எண்டால் "பரவாயில்லை, விடு" எண்டிருப்பன். அவ விடேல்லை. நாலு பிள்ளைகள் சேர்ந்து குனிஞ்சு தேடி, அலுமாரிக்குக் கீழ இருந்து எடுத்துக்கொண்டு வந்திச்சினம். மேல வைக்கேக்க அவவின்ர மூச்சு நிண்டதை நான் பாத்தன். வீட்டில பத்து நிமிசம் ஒரு இடத்தில இருக்காத பிள்ளை.

ஆனா மணல் எழுத்து ரீச்சர் கேக்கச் சொன்னதைக் கேட்டன். சாண்ட் பேப்பர் எழுத்து இருக்கு. மகளும் தடவியிருக்கிறா. எல்லாம் இங்கிலிஷ். வெளியில இருந்து வாங்கின பெட்டி, 26 பலகை. தமிழில ஒண்டுகூட இல்லை. "தமிழ்ச் செட் வாங்கக் கிடைக்கேல்லை, அது வீட்டில வரும்தானே" எண்டு ரீச்சர் சொன்னா. நான் அது அங்க வருது எண்டு நினைச்சு வீட்டில ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை. ரெண்டு பேரும் மற்ற ஆளை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறம். வரேக்க அழுகை வந்திட்டுது.

பாலையூற்று அப்பா:
அக்கா, அழாதேங்கோ. இது கண்டுபிடிக்க வேண்டிய விசயம். கண்டுபிடிச்சிட்டீங்கள்.

மணல் எழுத்து:
வாங்க வேண்டாம், செய்யலாம். தடிச்ச மட்டை, ஒரு உள்ளங்கையளவு. எழுத்தைப் பென்சிலால வரைஞ்சு, அதுக்கு மேல பசை பூசி, அரிச்ச மணலைத் தூவி, காய்ஞ்சாப் பிறகு தட்டி விடுங்கோ. உப்புவெளிக் கரை மணல் காணும். உப்புப் போகக் கழுவி வெயிலில காய வைக்க வேணும், இல்லாட்டி மாரியில ஈரம் பிடிச்சு உதிரும். உயிருக்கு ஒரு நிற மட்டை, அகரமேறின எழுத்துக்கு வேற நிறம். எழுத்து வடிவாவும் பெரிசாவும் இருக்க வேணும். பிள்ளையின்ர விரல் எந்த வழியாப் போகுதோ, அந்த வழிதான் பிறகு கையெழுத்து.

பழைய வாத்தியார்:
எழுத்து வடிவம் நான் எழுதித் தருகிறேன். பலகை எழுத்துக்கு என் கை இன்னும் நடுங்கவில்லை. 30 எழுத்தும், எங்கே துவங்கி எங்கே முடிப்பது என்று அம்புக்குறியோடு. ண, ன இரண்டிலும் சுழியை எண்ணிப் பழக்குங்கள். முதலாம் வகுப்பில் அதிகம் விழுகிற இடம் அதுதான். ற வில் கீழே இறங்கும் காலை மறந்துவிடுவார்கள்.

ஆனால் மகள், என் எண்ணம் மாறவில்லை. தவணை முடிவதற்குள் கையில் பென்சிலும் இருக்க வேண்டும்.

மணல் எழுத்து:
விரல் பழகின பிள்ளை தானே பென்சில் கேக்கும், ஐயா. கேக்கிற அண்டைக்குக் குடுப்பம்.

பழைய வாத்தியார்:
கேட்காவிட்டால்?

உப்புவெளி அம்மா:
ஐயா, எழுத்தைப் படம் எடுத்துப் போட்டு விடுங்கோ. மாமி சுளகில மணல் காயப் போட்டிருக்கிறா. ட வில துவங்கட்டோ, ப வில துவங்கட்டோ?