லோமச்சென்கோ இரண்டாம் தொழில்முறைப் போட்டியிலேயே தோற்றது ஏன்?

கேள்வி:
உக்ரைனின் குத்துச்சண்டை வீரர் வசில் லோமச்சென்கோ 2008, 2012 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றவர். அமெச்சூர் களத்தில் 396 வெற்றிகளும் ஒரே தோல்வியும் கண்ட அவர், தொழில்முறையில் இவ்வளவு விரைவில் தோற்றது எப்படி?

பதில் 1:
2014 மார்ச்சில் அவரை எதிர்த்த ஒர்லாண்டோ சலீடோ எடை வரம்பைத் தாண்டியதால் பட்டத்தை முன்னதாகவே இழந்திருந்தார். ஆயினும் கூடுதல் எடையின் பலத்தோடும், இடுப்புக்குக் கீழேயும் விழுந்த குத்துகளோடும் இடைவிடாமல் நெருக்கி, புள்ளி வழங்கும் மூன்று நடுவர்களில் இருவர் ஆதரித்த பிளவுபட்ட தீர்ப்பில் வென்றார். களத்தில் நின்ற நடுவர் இடுப்புக்குக் கீழே விழுந்த அந்தக் குத்துகளைக் கண்டித்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பதில் 2:
அதை ஏற்கிறேன், ஆனால் மூன்று சுற்றுகளில் முடியும் அமெச்சூர் ஆட்டத்துக்குப் பழகியவர், 12 சுற்றுகளுக்கு ஆற்றலைப் பங்கிடுவதை அன்றுதான் கற்றார். தொடக்கச் சுற்றுகளை விட்டுக்கொடுத்து, கடைசிச் சுற்றில் சலீடோவைத் தடுமாற வைத்தார்.

பதில் 3:
அவருடைய ஒரே அமெச்சூர் தோல்வியும் கவனிக்கத்தக்கது. 2007 சிகாகோ உலகப் போட்டியின் இறுதியில் ரஷ்யாவின் ஆல்பர்ட் செலிமோவிடம் தோற்றவர், பின்னர் அவரை இருமுறை வென்றார். சலீடோவுக்குப் பிறகும் அப்படித்தான்: மூன்றே மாதங்களில் கேரி ரஸ்ஸலை வென்று ஃபெதர்வெயிட் எடைப்பிரிவில் உலகப் பட்டம் பெற்றார்; 2018இல் ஆறாம் சுற்றில் தரையில் வீழ்ந்தும், ஹோர்ஹே லினாரெஸைப் பத்தாம் சுற்றில் உடற்குத்தால் வீழ்த்தி மூன்றாம் எடைப்பிரிவிலும் உலகப் பட்டம் வென்றார்.