குல்தாவா, டெர்வினா, வில்சனா: தகவல் தேடல் ஆய்வுக்கு எது அடித்தளம்?

நூலகவியல்_மாணவி:
முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்காகத் தகவல் தேடும் விதம்தான் என் தலைப்பு. "எந்த மூலத்தை எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறீர்கள்?" என்பது போன்ற 30 கேள்விகளுடன் வினாநிரல் தயார். கோட்பாட்டு அடித்தளம் இல்லை என்கிறார் நெறியாளர். தகவல் தேடலை விளக்கும் கோட்பாடுகளைத் தந்த குல்தாவ், டெர்வின், வில்சன் மூவரையும் சேர்த்து எழுதிவிடலாமா?

குறிப்பேடு:
இந்த வினாநிரல் மூவரில் எவருக்கும் பொருந்தாது. மூலங்களை எண்ணுகிறதே தவிர, தேடுபவருக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கவே இல்லை.

உங்கள் தலைப்புக்குக் கரோல் குல்தாவ்தான் நெருக்கம். அவர் தேடலைத் தொடக்கம், தலைப்புத் தேர்வு, துழாவல், குவிமையம் தெளிதல் (எதில் கவனம் வைப்பது என்பது தெளிவாதல்), திரட்டல், வழங்கல் என்று ஆறு கட்டங்களாகப் பிரிக்கிறார். ஒவ்வொன்றிலும் உணர்வு, எண்ணம், செயல் மூன்றும் உண்டு. தலைப்பு கிடைத்த தெம்பு துழாவலில் வடிந்து, குழப்பம் ஏறும். ஒருமுறை கேட்டால் இது பிடிபடாது. தொடக்கம், நடு, முடிவு என மூன்று வேளைகளில் அதே மாணவர்களிடம் கேளுங்கள். ஆளுக்கொரு குறியீட்டு எண் தந்து மூன்று தாள்களையும் இணையுங்கள். வெறும் சராசரி போட்டால் ஒருவரின் ஏற்றத்தை இன்னொருவரின் இறக்கம் அடித்துவிடும். கட்டங்களே இல்லை என்பதுபோல் தெரியும்.

அட்டவணையாளர்:
பிரெண்டா டெர்வினைச் சேர்ப்பதானால் நேர்காணல் வேண்டும். குல்தாவும் டெர்வினும் மனிதர் தாமே பொருளைக் கட்டியெழுப்புகிறார் என்ற பார்வையில் நிற்பதால் முரண் வராது. அண்மையில் நடந்த ஒரே ஒரு தேடலை எடுக்கச் சொல்லி, நடந்ததை வரிசையாகக் குறியுங்கள். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, என்ன கேள்வி எழுந்தது, எது தடுத்தது, கிடைத்தது எதற்கு உதவியது என்று கேளுங்கள். "வழக்கமாக எப்படித் தேடுவீர்கள்?" என்று ஆரம்பித்தால், செய்ய வேண்டியதைச் சொல்வார்கள், செய்தது வெளியே வராது.

"உங்கள் தகவல் தேவை என்ன?" என்றும் கேட்காதீர்கள். தன் அறிவில் எங்கே ஓட்டை என்பதைத் தேடுபவரால் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. தகவல் மீட்டெடுப்பு ஆய்வாளர் நிக்கோலஸ் பெல்கின் 1980-இல் முன்வைத்த கருத்தின் மையமே இதுதான்.

தகவல் தேவை, தேடல், பயன்பாடு ஆகியவற்றின் தொடர்பைக் காட்டும் டாம் வில்சனின் 1981 வரைபடம் உங்கள் ஆய்வின் எல்லை குறிக்கப் போதும். கேள்விகளை அதிலிருந்து எடுக்க வேண்டாம்.

நூலகவியல்_மாணவி:
நன்றி. தேடாமலே விட்டுவிடுபவர்களை எதில் வைப்பது?

அட்டவணையாளர்:
தகவல் வறுமை பற்றி எல்ஃப்ரீடா சாட்மன் 1996-இல் தந்த கோட்பாட்டில். மறைத்தல், ஏமாற்றுதல், துணிந்து கேட்பதில் உள்ள ஆபத்து, சூழலுக்குப் பொருந்துதல் என்ற நான்கு கருத்துகள். அறியாமை வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்தால் நெறியாளரிடம் கேட்காமல் இருப்பவர்களை இவற்றால் விளக்கலாம். ஆனால் இது குழுவில் எழுதி வாங்கும் தாளில் வராது; தனி நேர்காணலில் கேளுங்கள்.