அசிடோசிஸ்: ‘அமிலத்தேக்கம்’ வேண்டாம், ‘அமிலச்சாய்வு’ எனலாமா?

அன்புள்ள ஐயா,

> அசிடோசிஸ் = அமிலத்தேக்கம். எளிது, எவருக்கும் விளங்கும்.

குருதி இயல்பைவிட அமிலப் பக்கம் நகரும் நிலையே அசிடோசிஸ். அதற்கு நீங்கள் தந்த இந்தச் சொல்லை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஓசை நன்றாகவே இருக்கிறது. புரொப்பியானிக் அசிடீமியா போன்ற மரபுவழி நோய்களுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒற்றைப்படைக் கார்பன் கொழுப்பமிலங்களும் சில அமினோ அமிலங்களும் சிதையும் பாதையில் ஒரு நொதி பழுதாகிறது. அமிலம் உண்மையிலேயே தேங்குகிறது. ஆனால் கடும் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையை எண்ணிப் பாருங்கள். அங்கே முதற்காரணம் தேக்கமன்று, இழப்பு. அமிலத்தை ஈடுசெய்யும் காரப்பொருளான பைகார்பனேட் குடல்வழியே வெளியேறிவிடுகிறது. அதையும் மருத்துவர்கள் வளர்சிதைமாற்ற அசிடோசிஸ் என்றே சொல்கிறார்கள். ஆகவே ‘தேக்கம்’ பல நோயாளிகளை வெளியே நிறுத்திவிடும்.

‘அமிலத்தன்மை’ இன்னும் மோசம். படிப்பவர் மனம் நேரே நெஞ்செரிச்சலுக்குப் போய்விடும். பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, பெற்றோர் வயிற்று மருந்தைத் தேடுவார்கள். வேதியியல்படியும் அது பிழை. அமில, கார நிலையைக் காட்டும் அளவு பி.எச்.; அது குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள். குருதியின் இயல்பான பி.எச். 7.35 முதல் 7.45 வரை. அது 7.1 ஆனாலே உயிருக்கு ஆபத்து. ஆனாலும் பள்ளியில் நாம் படித்த நடுநிலை 7-க்குக் கீழே அது இறங்கவில்லை. குருதி பொதுவாக அமிலமாக மாறுவதில்லை. அமிலப் பக்கம் சாய்கிறது.

எனவே ‘அமிலச்சாய்வு’ என்று முன்மொழிகிறேன். எதிர்ச்சொல்லும் தானாக வந்து அமர்கிறது: காரச்சாய்வு. மூச்சுவழி அமிலச்சாய்வு, வளர்சிதைமாற்ற அமிலச்சாய்வு என்று பிரிக்கலாம். இலங்கை வாசகருக்கு ‘அனுசேப அமிலச்சாய்வு’. கணிதத்திலும் ‘சாய்வு’ உண்டே என்பீர்கள். முன்னொட்டாக ‘அமிலம்’ நிற்கையில் அந்தக் குழப்பம் எழாது.

புரொப்பியானிக் அசிடீமியாவில் வரும் ‘அசிடீமியா’ வேறு. அந்த அமிலம் குருதியில் மிகுந்திருப்பதையே அது குறிக்கிறது. அங்கே ‘சாய்வு’ கூடாது. ‘புரொப்பியானிக் அமிலக்குருதி’ போதும்.

கொழுப்பமிலக் கோளாறு என்றாலே அமிலச்சாய்வு என்று நம் சொற்பட்டியல் எண்ணவைத்துவிடவும் கூடாது. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பமிலங்களைச் சிதைக்கும் நொதியின் குறைபாட்டில் முதல் ஆபத்து வேறு. குழந்தை நெடுநேரம் உண்ணாமலிருந்தால் குருதிச் சர்க்கரை சரிகிறது. அதற்கு ஈடாக, கொழுப்பிலிருந்து மாற்று எரிபொருளாக எழவேண்டிய கீட்டோன்களும் போதிய அளவு எழுவதில்லை. இந்த நிலைக்குக் ‘கீட்டோன் குன்றிய சர்க்கரைத் தாழ்வு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நீளம் உறுத்துகிறது. பெற்றோருக்கான துண்டறிக்கையில் இடம்பெற வேண்டிய சொல் இது. இதைவிடச் சுருக்கமாக, பொருள் சிதையாமல், உங்களுக்குத் தோன்றுகிறதா?