கோர்ட்ல ஸ்டே (இடைக்காலத் தடை) கேட்டுப் போய் நொந்தவங்க இருக்கீங்களா?

பாதிப்பாதை:
பக்கத்து ஆள் பொதுப்பாதையில ஏறிக் கட்டுறான், பத்திரம் எங்க பக்கம் சுத்தமா இருக்கு, பிரைமா ஃபேசி கேஸ், அதாவது மேலோட்டமாப் பாத்தாலே விசாரிக்க வேண்டிய விஷயம், இருக்குன்னு ஜட்ஜே ஒத்துக்கிட்டாரு. அப்புறம் நாங்க குடுத்த போட்டோவையே கண்ணாடிய கழட்டிட்டு கிட்ட வச்சுப் பாத்தாரு பாருங்க, "ரெண்டாவது மாடிக்கு சென்ட்ரிங் அடிச்சாச்சு, அஸ்திவாரம் தோண்டும்போது எங்க போயிருந்தீங்க?"ன்னாரு. பேசித் தீத்துக்கலாம்னு நாலு மாசம் அலைஞ்சதுதான் வினை. பேலன்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ், அதாவது ஸ்டே குடுத்தா யாருக்கு அதிக கஷ்டம், குடுக்கலன்னா யாருக்குங்கிற கணக்கு, அவன் பக்கமாம். கட்டுறது அவன் ரிஸ்க், தோத்தா இடிக்கணும்னு ஒரு வரி எழுதிட்டு ஐ.ஏ. (ஸ்டே கேட்ட இடைக்கால மனு) டிஸ்மிஸ்.

வாய்தாராணி:
எனக்கு நேர் எதிர். எங்க கேஸ் அவ்வளவு ஸ்ட்ராங்கே இல்ல, எல்லைத் தகராறு, நடுவுல ஒரு பழைய மரம். மரத்த வெட்டப் பாத்த எதிர்த்தரப்பு வக்கீல் அரைமணி நேரம் பேசி முடிச்சதும் ஜட்ஜ் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "வெட்டிட்டு நாளைக்கு தோத்தீங்கன்னா ஒட்ட வப்பீங்களா?" கோர்ட்டே சிரிச்சிருச்சு. ஸ்டேட்டஸ் கோ (இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும்னு உத்தரவு) குடுத்துட்டாரு.

சட்டப்புழு:
பாதிப்பாதை, கோவிச்சுக்காதீங்க, உத்தரவு சரிதான். பத்திரம் சுத்தமா இருந்தா ஸ்டே தானா வரும்னு இல்ல. 1975ல இங்கிலாந்துல அமெரிக்கன் சயனமிட் கேஸ், ஆபரேஷன் தையல் நூல் பேடன்ட் சண்டை, அதுல ஜட்ஜ் லார்ட் டிப்ளாக் சொன்னதே இதுதான்: பின்னாடி நஷ்டஈடா பணம் குடுத்தா சரியாப் போயிருமா, அத எதிராளியால குடுக்க முடியுமான்னு முதல்ல பாரு, ரெண்டு பக்கமும் சமமா இருந்தா இருக்கறத இருக்கற மாதிரியே விடு. பணத்தால ஈடுகட்ட முடியாததாலதான் மரத்துக்கு ஸ்டே கெடச்சுது. என் கதை சின்னது, என்னைக் கேக்காமலே எக்ஸ்பார்ட்டி ஆர்டர் வாங்கிட்டாங்க, கடை ஷட்டர்ல நோட்டீஸ் ஒட்டினப்பதான் தெரியும். அதனால சொல்றேன், கேஸ் வரும்னு வாசனை வந்தாலே சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ-ல கேவியட் (என்னைக் கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு முன்கூட்டியே குடுக்கற மனு) போட்டுருங்க, 90 நாள் தாங்கும். ஏற்கனவே எக்ஸ்பார்ட்டி ஆர்டர் வந்துட்டா அதே சட்டத்துல ஆர்டர் 39 ரூல் 3ஏ-வ காட்டுங்க, 30 நாள்ல அந்த ஸ்டே மனுவ முடிக்கப் பாக்கணும்னு அதுல இருக்கு. அஃபிடவிட்ல எதையும் மறைக்காதீங்க, மாட்டுனா மொத்தமும் போச்சு.

பாதிப்பாதை:
நான் அட்வைஸ் கேக்கல சார். அவனால நஷ்டஈடு குடுக்க முடியுமான்னு அன்னைக்கு யாருமே கேக்கலியே, அதுக்கு என்ன சொல்றீங்க? ரெண்டாவது மாடியில வாடகைக்கு ஆள் வந்தாச்சு. அவங்க பைக் நிக்கிறதே எங்க பாதையிலதான்.