புதுப்பிப்பு: வீடியோவும் எடுக்கிற டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி உள்ள கேமரா), ஒருவழியாக முடிவு பண்ணியாச்சு

போட்டோதான் முக்கியம், ஆனால் வீடியோவும் உருப்படியாக வரணும். நிக்கான் டி5600-ஆ, கேனான் 80டி-யா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 80டி வாங்கிவிட்டேன், செகண்ட் ஹேண்டில்.

இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தபோது ஸ்டில்லில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வீடியோவில்தான் சாயம் வெளுத்தது. ரெக்கார்டிங்கில் கேமராவுக்குள் இருக்கிற கண்ணாடி மேலே தூக்கிக்கொள்வதால் போட்டோவுக்கான வேகமான ஃபோகஸ் சென்சார் வேலை செய்யாது. அதனால் டி5600 கான்ட்ராஸ்டை, அதாவது படத்தின் வெளிச்ச-இருட்டு வேறுபாட்டை வைத்து, ஃபோகஸைத் தேடுகிறது. நண்பர் கேமராவை நோக்கி நடந்து வந்தபோது லென்ஸ் முன்னும் பின்னும் ஆடி, முகம் மங்கி மங்கித் தெளிந்தது. 80டி-யில் படத்தைப் பதிவு செய்கிற இமேஜ் சென்சாரிலேயே டூயல் பிக்ஸல் ஃபோகஸ் இருக்கிறது, அதனால் கண்ணாடி தூக்கியிருந்தாலும் ஃபோகஸ் வேகமாக வரும். திரையில் முகத்தைத் தொட்டேன், ஆள் நகர நகர ஃபோகஸ் கூடவே வழுக்கிக்கொண்டு போனது. அங்கேயே மனசு முடிவாகிவிட்டது.

இரண்டிலும் மைக் ஜாக் உண்டு. பதிவாகும் சத்தத்தை அப்போதே கேட்டுப் பார்க்க உதவும் ஹெட்ஃபோன் ஜாக் 80டி-யில் மட்டும். பேட்டி எடுக்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். சத்தம் பதிவாகவில்லை என்று வீட்டுக்கு வந்து தெரிந்து என்ன பிரயோஜனம்?

4கே (இன்னும் துல்லியமான வீடியோ) பற்றிக் கேட்டவர்களுக்கு: 80டி-யில் கிடையாது, 1080பி-யில் (ஃபுல் எச்டி) நொடிக்கு 60 ஃபிரேம் வரைதான். 4கே கட்டாயம் வேண்டுமென்றால் 2019-இல் வந்த கேனான் 90டி-யைப் பாருங்கள். லென்ஸ் எதுவானாலும் அதன் ஃபோகஸ் மோட்டார் எஸ்டிஎம் அல்லது நானோ யுஎஸ்எம் (சத்தம் குறைவான கேனான் மோட்டார் வகைகள்) ஆக இருக்கும்படி எடுங்கள். பழைய மோட்டார்களின் கரகரப்பு அப்படியே மைக்கில் ஏறும். நான் 18-135 மி.மீ. நானோ யுஎஸ்எம் ஜூம் லென்ஸ் எடுத்திருக்கிறேன். வெளி மைக் இன்னும் வாங்கவில்லை.