அம்மாவின் கண் ஒப்பரேசன்: கண்ணுக்குப் போடுகிற மூடி இரவில் நிற்குதில்லை, என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு (71 வயது) போன வியாழன் வலது கண்ணில் கற்றரக்ட் (கண்புரை) எடுத்து லென்ஸ் வைத்தார்கள். வெட்டு 2, 3 மில்லிமீற்றர்தான், தையல் இல்லை, தானாக மூடிக்கொள்ளும், ஆனால் அதுவரை கண்ணை அமத்தவோ கசக்கவோ கூடாது என்று டொக்டர் சொன்னவர். பகலில் கறுப்புக் கண்ணாடியோடு சமாளிக்கிறோம். இரவுதான் பிரச்சினை. நித்திரையில் கை படாமல் கண்ணுக்கு மேல் ஒரு மூடியைப் பிளாஸ்ரரால் ஒட்டிவிடுகிறோம். பிளாஸ்ரர் ஒட்டிய இடம் கடிக்குது என்று நித்திரையில் மூடியை இழுத்து எறிந்துவிடுகிறா, விடிய அது தலையணைக்குக் கீழே கிடக்குது.

தோல் சிவக்காத பிளாஸ்ரர் எது, யாழ்ப்பாணத்தில் எந்தப் பாமசியில் எடுக்கலாம்? இல்லாவிட்டால் துணி நாடாவால் கட்டிய ஆட்கள் இருக்கிறீர்களா?

மற்றது, கண்ணுக்குள் மண் கிடக்கிற மாதிரி உறுத்துது என்கிறா. முதல் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், நோ கூடினாலோ பார்வை மங்கினாலோ உடனே வரச் சொன்னார்கள், அது விளங்குது. இரண்டு துளி மருந்துக்கும் இடையில் 5 நிமிடம் விட்டுத்தான் விடுகிறேன். குனிந்து வாளி தூக்கக் கூடாது என்றால் கேட்கிற ஆளில்லை, நான் அங்கால் திரும்ப கிணற்றடியில் நிற்கிறா. நெற்றி நிறையத் திருநீறு வேறு, அது கண்ணுக்குள் கொட்டுமோ என்று எனக்குப் பயம்.

கண்ணில் தண்ணீர் படாமல் தலை தோய வார்த்த அனுபவம் உள்ளவர்கள் கட்டாயம் சொல்லுங்கோ. கதிரையில் பின்னால் சாய்த்து வார்த்தால் சரிவருமா?