தோரா மேடையில் பெண்: கூட்டு மினியான் சட்டத்துக்குள் நிற்கிறதா?

சுவடிக்கட்டு:
பழைய சமயச் சட்டத்தை விடாத ஆர்த்தடாக்ஸ் யூதத்துக்குள் இருந்துகொண்டு பெண்ணுக்கு இடம் தேடுவது வீண் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. எருசலேமில் 2002இல் தொடங்கிய ஷிரா ஹதாஷா என்ற ஜெபக்கூடம் அதற்குப் பதில் என்கிறேன்.

பொதுத் தொழுகைக்கு 10 ஆண்கள் வேண்டும் என்பது பழைய விதி. அந்த எண்ணிக்கைதான் மினியான். ஷிரா ஹதாஷாவில் நடப்பது கூட்டு மினியான், அதாவது அந்தச் சட்டத்துக்குள் நின்று ஆணும் பெண்ணும் தொழுகையைப் பகிர்ந்து நடத்தும் முறை. அதில் 10 ஆண்களோடு 10 பெண்களும் வந்து சேரக் காத்திருப்பார்கள். வெள்ளி மாலை ஓய்வுநாளை வரவேற்கும் பாடல்களைப் பெண் நடத்துவார். சபையைத் தொழுகைக்கு அழைக்கும் 'பரெகூ' வரும் இடத்தில் ஆண் பொறுப்பேற்பார். பரெகூ, கதீஷ், கெதுஷா என்ற துதிமொழிகள் மூன்றும் மினியான் இருந்தால்தான் சொல்லக்கூடியவை. பாடல்களுக்கு அந்த நிபந்தனை இல்லை, ஆகவே அங்கே யாரும் முன்நிற்கலாம்.

தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) வாசிப்புதான் பெரிய மாற்றம். ஓய்வுநாள் காலையில் அதை வாசிக்க 7 பேரை மேடைக்கு அழைப்பார்கள். பழைய சட்ட விவாதத் தொகுப்பான தால்முத் (மெகிலா என்ற பகுதி, 23அ) தெளிவாகவே சொல்கிறது: அந்த ஏழில் பெண்ணும் சிறுவரும் சேரலாம், ஆனால் சபையின் கண்ணியம் கருதிப் பெண் வாசிக்க வேண்டாம் என்றார்கள் அறிஞர்கள். ரபி (சமய அறிஞர்) மெண்டல் ஷப்பிரோ பெண்ணின் வாசிப்பை ஆதரித்து 2001இல் எழுதியது இதைப் பிடித்துக்கொண்டுதான். தடைக்குக் காரணம் சபையின் கண்ணியம் என்றால், பெண் வாசிப்பதை இழுக்காக எண்ணாத சபை அதை விட்டுக்கொடுக்கலாமே?

ஏழாம்வாசல்:
விட்டுக்கொடுக்கலாம் என்று யார் சொன்னது? சபையின் கண்ணியம் அங்கே உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேரின் சொந்தச் சொத்து இல்லை என்பது பல சட்ட அறிஞர்களின் முடிவு.

அதைவிட முக்கியமான ஒன்றைத் தாண்டிப் போய்விட்டீர்கள். இன்றைய முறையில் ஏழு பேரும் தனித்தனியாக, வாசிப்புக்கு முன்னும் பின்னும் கடவுளைப் போற்றும் ஆசிமொழி சொல்கிறார்கள். தால்முதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்ட நூலின் காலத்தில் அப்படி இல்லை. முதலில் வருபவர் முன் ஆசிமொழியைச் சொல்வார், கடைசியில் வருபவர் பின் ஆசிமொழியைச் சொல்வார், இடையில் வந்தவர்கள் வாசித்துவிட்டு இறங்குவார்கள். பெண்ணும் ஏழில் ஒருவர் என்ற வரி அந்தக் காலத்து வரி. இடையில் ஆசிமொழி இல்லாமல் வாசித்த பெண்ணைக் காட்டி, இன்று முழு ஆசிமொழியோடு ஏறும் பெண்ணுக்கு அனுமதி வாங்குகிறீர்கள். பொது வாசிப்பு பெண்ணுக்குக் கடமை இல்லை. கடமை இல்லாதவர் கடமை உள்ளவர்களின் சார்பில் எப்படி நிறைவேற்றுவார்? ஃப்ரிமர் சகோதரர்கள் 2013இல் எழுதிய நீண்ட மறுப்பு இந்த இடத்தில்தான் அழுத்தம் தருகிறது. அதற்கு இன்னும் நேரடிப் பதிலை நான் படிக்கவில்லை.

சுவடிக்கட்டு:
ஆசிமொழி பற்றிய கேள்வி நியாயமானது. ஆனால் தால்முத் அதே வரியில் சிறுவரையும் சேர்க்கிறது. சிறுவருக்கும் கடமை இல்லை. கடமை இல்லாததே தடை என்றால் அவர் எப்படி ஏறினார்? அங்கே சொல்லப்பட்ட ஒரே காரணம் கண்ணியம்தான். 13ஆம் நூற்றாண்டில் ரோத்தன்பர்க் ரபி மெயிர் என்ன சொன்னார்? எல்லோருமே கோஹன் என்ற ஆசாரியக் குலத்தவரான ஊரில் ஒரு கோஹன் இரண்டு முறை வாசிக்கட்டும், மீதியைப் பெண்கள் வாசிக்கட்டும் என்றார். ஒரு கோஹனுக்குப் பின் இன்னொரு கோஹனை அழைத்தால் முன்னவர் பிறப்பில் குறை என்று ஊர் பேசும். அந்தப் பழிச்சொல்லைத் தவிர்ப்பதற்காகச் சபையின் கண்ணியத்தையே ஒதுக்கிவைத்தார். அந்தக் கோஹனின் மானத்துக்குக் கிடைத்த இடம், ஜெபக்கூடத்தில் ஆணையும் பெண்ணையும் பிரிக்கும் தடுப்புக்கு அப்பால் வாழ்நாள் முழுக்க நிற்கும் பெண்ணின் மானத்துக்குக் கிடையாதா? ரபி டேனியல் ஸ்பெர்பர் மனித கண்ணியத்தை முன்வைத்து வாதாடியது இதைத்தான்.

ஏழாம்வாசல்:
அது வேறு வழி இல்லாத ஊருக்குச் சொன்ன தீர்ப்பு. பத்துப் பதினைந்து ஆண்கள் சும்மா நிற்கும் ஜெபக்கூடத்துக்கு அது பொருந்தாது.

நடுமுற்றம்:
இருவரும் 'பெண் கடமையிலிருந்து விலக்கு பெற்றவர்' என்பதைக் கேள்வியே கேட்காமல் ஒத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். எனக்குப் பிரச்சினை அதில்தான். கூட்டு மினியானில் பெண் பத்துப் பேரும் வரும்வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள், சரி. ஆனால் சட்டப்படி அந்தப் பத்துக்கு மதிப்பு பூச்சியம். ஆண் ஒருவர் எழுந்து வெளியே போய் ஒன்பதானால் கதீஷ் சொல்ல முடியாது. பெண் ஒருவர் போனால் மரியாதைக்குத்தான் குறை.

1972இல் எஸ்ரத் நஷீம் என்ற யூதப் பெண்ணியக் குழுவினர், ஆர்த்தடாக்ஸ் அல்லாத கன்சர்வேட்டிவ் பிரிவு ரபிகளின் மாநாட்டில் போய்க் கேட்டபோது மேடை ஏறுவதை மட்டும் கேட்கவில்லை. எண்ணிக்கையில் சேர்க்கச் சொன்னார்கள், சாட்சியாக ஏற்கச் சொன்னார்கள், கட்டளைகள் அனைத்துக்கும் பெண்ணும் கடமைப்பட்டவள் என்று அறிவிக்கச் சொன்னார்கள். 1973இல் எண்ணிக்கை கிடைத்தது. கடமை கிடைக்க 2014 ஆயிற்று. ரபி பமேலா பார்மாஷ் எழுதிய தீர்ப்பு அந்த ஆண்டுதான் ஏற்கப்பட்டது. உரிமை முதலில், பொறுப்பு நாற்பது ஆண்டு கழித்து. இந்த வரிசைதான் தவறு.

ஏழாம்வாசல்:
நடுமுற்றம் சொல்வதோடு உடன்படவில்லை, ஆனால் அது முன்பின் முரண் இல்லாத வாதம். கடமையை மாற்றாமல் மேடையை மட்டும் மாற்றுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பெண் உரக்கப் பாடுவதே கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கொச்சி யூதப் பெண்கள் ஆண்கள் இருக்கும் சபையிலேயே மலையாளப் பாட்டுகளைப் பாடியவர்கள், அவர்களும் சட்டத்தை மீறாதவர்கள்தான். என் கேள்வி கடமை பற்றியது மட்டும்.

வெண்ணூல்:
கடமையே அளவுகோல் என்றால் பூரிம் பண்டிகைக்கு வாருங்கள். அன்று வாசிக்கும் எஸ்தர் சுருளை, அதாவது மெகிலாவை, கேட்பது பெண்ணுக்கும் கடமை என்று தால்முத் (மெகிலா 4அ) சொல்கிறது. யூதர்கள் அழிவிலிருந்து தப்பிய அந்த அற்புதத்தில் பெண்களும் இருந்தார்கள் என்பது காரணம். பெண்களுக்காகப் பெண் வாசிக்கும் கூட்டங்கள் ஆர்த்தடாக்ஸ் வட்டத்திலும் பரவியிருக்கின்றன.

நடத்த நினைப்பவர்கள் தவறும் இடங்கள் இவை. அச்சிட்ட புத்தகம் கூடாது. தோலில் கையால் எழுதிய சுருள் வேண்டும். அதில் உயிர்க்குறியும் இல்லை, இசைக்குறியும் இல்லை. குறியிட்ட பதிப்பைப் பக்கத்தில் வைத்து 10 அதிகாரத்தையும் முன்கூட்டியே பழக வேண்டும். ஒன்பதாம் அதிகாரத்தில், கதையின் பகைவனான ஆமானின் பத்து மகன்களின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், பலருக்கு மூச்சு வாங்குவது அங்கேதான். ஆமான் பெயருக்குக் கிலுகிலுப்பை ஆட்டும்போது வாசிப்பவர் நிறுத்த வேண்டும். சத்தம் அடங்குமுன் அடுத்த சொல்லுக்குப் போனால், அந்தச் சொல் காதில் விழாதவருக்குக் கடமை நிறைவேறாது. அப்படித் தவறவிட்டவர் கையில் உள்ள புத்தகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைத் தானே சொல்லிக்கொண்டு, வாசிப்பவரை எட்டிப் பிடிக்கலாம்.

ஏழாம்வாசல்:
பெண்ணின் கடமை கேட்பது மட்டும், வாசிப்பது இல்லை என்ற கருத்தும் உண்டே?

வெண்ணூல்:
உண்டு. அதை மதிப்பவர்கள் ஆசிமொழியில் 'மெகிலாவை வாசிக்க' என்பதற்குப் பதில் 'மெகிலாவைக் கேட்க' என்று சொல்வார்கள். ஷுல்ஹான் அரூக் என்ற சட்டத் தொகுப்பில், ரெமா என்ற உரையாசிரியரின் குறிப்பிலேயே இது இருக்கிறது. கூட்டத்துக்கு முந்தின நாளே எது என்று முடிவு செய்து, அந்த வரியைத் தாளில் எழுதிச் சுருளுக்குப் பக்கத்தில் வையுங்கள். மேடையில் நின்று யோசித்தால் இரண்டையும் கலந்து சொல்லிவிடுவார்கள்.